எட்டாம் வகுப்பு இன்ஸ்பெக்டர்

போன் அதிர்ந்தது.

'எங்க இருக்க?'

இன்ஸ்பெக்டர் ரஞ்சனி கட்டைவிரலால் பதில் தட்டினார்.

'பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன். பயமா இருக்கு.'

'எதுக்குப் பயம்? நான் இருக்கேன்ல.'

இருக்கிறானாம்!

ரஞ்சனி உதட்டைச் சுழித்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. நாமக்கல் மாவட்ட சைபர் க்ரைம் பிரிவில் இன்ஸ்பெக்டர். ஆனால் இந்த வாரம் முழுக்க அவர் எட்டாம் வகுப்பு மாணவி. கணக்கு டெஸ்ட் என்றால் அழுவார். அம்மா திட்டினால் சாப்பிடமாட்டார். கௌசிக் 'சாப்ட்டியா?' என்று கேட்டால் மூன்று இதயங்கள் அனுப்புவார்.

அனுப்பிவிட்டுப் போய்க் கை கழுவுவார்.

திருச்செங்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புறம், ஒரு ரிக் லாரியின் கேபினுக்குள் உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்க போர்வெல் லாரிகள் நிற்கும்போது இன்னொன்று நின்றால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? ஸ்டியரிங்கில் ஏட்டு குணசீலன். லுங்கி, தலையில் துண்டு.

"மேடம்... நீங்க டைப் அடிக்கறப்ப உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்கே பயமா இருக்குதுங்க."

"அவன் என்ற மூஞ்சியப் பார்க்கறதுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்குதுங்க குணசீலன். பொறுங்க."

அந்தப் போன் அவருடையது அல்ல. ஒரு குழந்தையுடையது.

அவளை மைதிலி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் உங்களுக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம். பதிமூன்று வயது. அப்பா ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மா சண்முகப்பிரியாவும் இவளும்தான்.

போனில் ஒரு விளையாட்டு. அதில் ஒரு நண்பன்.

கௌசிக். பத்தாம் வகுப்பு. ஈரோடு. பேஸ்கெட்பால் வீரன். புகைப்படத்தில் நெற்றி நிறைய முடி.

அம்மா திட்டியதாகச் சொன்னால் ஆறுதல் சொன்னான். மார்க் குறைந்தால் வருத்தப்பட்டான். இரண்டு மாதம் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி பேசினான். பிறகு ஒரு படம் கேட்டான். மாட்டேன் என்றாள். பேசுவதை நிறுத்தினான். குழந்தை தவித்துப் போனாள்...

அனுப்பிவிட்டாள்.

அந்த நிமிடமே அண்ணன் செத்துப்போனான்.

'இன்னும் அனுப்பு. இல்லேன்னா உங்க ஸ்கூல் குரூப்ல போட்ருவேன்.'

மைதிலிக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் உளறினாள். சண்முகப்பிரியா அவளை அதட்டவில்லை. மடியில் போட்டுத் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். விடியும் நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது.

அன்று காலையே அம்மா போலீசுக்கு வந்தாள். பின்னாலேயே மைதிலியின் பெரியப்பா சென்னிமலையும் வந்து சேர்ந்தார். கழுத்தில் தங்கச் சங்கிலி, கையில் இரண்டு போன். தம்பி மகளைக் காப்பாற்ற வந்தவர் போலத்தான் தெரிந்தார். வாயைத் திறக்கும் வரை.

"ஏனுங்க மேடம், பொம்பளப் புள்ள விசயம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாருங்க கட்டிக்குவாங்க? போனை ஒடச்சு அடுப்புல போட்டுட்டு கம்முனு இருந்தாப் போச்சுங்க."

ரஞ்சனி அவரை ஒரு கணம் பார்த்தார்.

"இந்தப் போனை ஒடச்சா, அவங்கிட்ட இருக்கற படம் ஒடஞ்சிருமுங்களா?"

பெரியப்பா சீலிங் ஃபேனைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்புறம்... பதிமூணு வயசுப் புள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளை பார்க்கறீங்களா? சொல்லுங்க, அதுக்கும் தனியா ஒரு கேஸ் இருக்குது."

அதற்குமேல் பேசியது சண்முகப்பிரியாதான். குரல் நடுங்கியது, வார்த்தை நடுங்கவில்லை.

"என்ற புள்ள தப்புப் பண்ணலீங்க மேடம். ஏமாந்துட்டா. ஏமாத்துனவன் இன்னும் எத்தன ஊட்டுக்குள்ள பூந்திருக்கானோ? எங்க கையெழுத்துப் போடோணும், சொல்லுங்க."

அம்மாவின் சம்மதத்தோடு மைதிலியின் போன் ரஞ்சனி கைக்கு வந்தது. கௌசிக்கின் இணைய முகவரி வெளிநாட்டு வழியில் சுற்றிச் சுற்றி வந்தது. ஆள் சிக்கவில்லை. ஆகவே அவனே வரட்டும் என்று வலை விரித்தார். இன்ஸ்பெக்டர் எட்டாம் வகுப்பில் சேர்ந்தது இப்படித்தான்.

நேற்று மாலை அவன் ஒரு செய்தி அனுப்பினான்.

'நீ ஏன் சும்மா அழுவுற? ராசிபுரத்துப் பொண்ணப் பாரு. சொன்ன பேச்சு கேக்கறா. நாளைக்கு சாயங்காலம் என் ஃப்ரெண்டு கார்ல ஏற்காடு போறா.'

யார் அந்தப் பெண்? பெயர் இல்லை. பள்ளிக்கூடம் தெரியாது. ராசிபுரத்தில் வீட்டுக்கு வீடு பெண்பிள்ளைகள்!

நாளை என்றால்... இன்று.

மறுபடி போன் அதிர்ந்தது.

'பேக்கரிக்குள்ள வா. கடைசி டேபிள்.'

ரஞ்சனி லாரியிலிருந்து இறங்கினார். சேலையைச் சரிசெய்துகொண்டு, ரொட்டி வாங்க வந்த வீட்டுக்காரம்மா மாதிரி பேக்கரிக்குள் நுழைந்தார். குணசீலன் வாசலில் நின்று பீடி தேடினார்.

உள்ளே நாலைந்து பேர். யாருக்கும் பத்தாம் வகுப்பு வயது இல்லை.

ரஞ்சனி மைதிலியின் போனிலிருந்து ஒரு அழைப்பு விடுத்தார்.

கடைசி மேசையில் ஒரு சட்டைப்பை பாடியது.

பதினாறு வயது கௌசிக்குக்குக் குறைந்தது நாற்பது இருக்கும். புகைப்படத்தில் நெற்றி நிறைய முடி இருந்ததே? நெற்றி மட்டும்தான் நிறைய இருந்தது. பேஸ்கெட்பால் விளையாடுகிறானோ இல்லையோ, ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தான். மேசைமேல் ரிப்பன் சுற்றிய சாக்லேட் பெட்டி.

ரஞ்சனி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கௌசிக் தம்பிங்களா? விளையாட்டெல்லாம் எப்படிப் போவுது?"

அவன் எழ முயன்றான். அதற்குள் உள்ளே வந்திருந்த குணசீலனின் கை தோளில் விழுந்தது. உட்கார்ந்தான்.

முகம் வெளிறியது. சரியாக இரண்டு மூச்சு. அப்புறம்... என்ன ஆச்சரியம், சிரித்தான்! சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான். பளபளவென்று இருந்தது. ஒரு சிங்கம், ஒரு கேடயம், கேடயத்துக்குள் ஒரு குழந்தை.

அகில இந்திய சிறார் இணையப் பாதுகாப்புப் படை. மோகன்குமார், மாநிலத் தலைவர்.

"நல்ல காரியத்தைக் கெடுத்துட்டீங்களே மேடம். சூரமங்கலத்துல சிசிடிவி கடை வெச்சிருக்கேன். கூடவே சமூக சேவை. இந்தக் குழந்தைய எவனோ ஏமாத்தறான்னு தகவல் வந்துச்சு, அவனைப் புடிக்கத்தான் வந்தேன்."

"கௌசிக்குங்கற பேர்ல அந்தக் குழந்தைகிட்டப் பேசுனது யாருங்க?"

"நான்தான். பேசாம எப்படி மேடம் உண்மைய வரவழைக்கறது? நீங்ககூட நேத்து எனக்கு ஹார்ட்டு அனுப்பினீங்க. உங்களை நான் தப்பாவா நெனைக்கறேன்?"

குணசீலனின் கை தோளிலிருந்து கழுத்துக்கு நகர்ந்தது. ரஞ்சனி கண்ணாலேயே தடுத்தார்.

திருச்செங்கோடு காவல் நிலையத்தில் ஓர் அறையை இரவல் வாங்கினார்கள். மேசைமேல் மோகன்குமாரின் போன். பூட்டியிருந்தது. பூட்டைத் திறக்கச் சொன்னால், வக்கீல் வரட்டும் என்றான். ராசிபுரத்துப் பெண் யார் என்றால், எந்த ராசிபுரம் என்றான். போனை ஆய்வகத்துக்கு அனுப்பினால் திறந்து தருவார்கள். மாதக்கணக்கில் ஆகும். சாயங்காலத்துக்கு மாதக்கணக்கு எங்கே இருக்கிறது?

ராசிபுரம் போலீசார் பள்ளி பள்ளியாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை. பாதிப் பள்ளிகளில் வாட்ச்மேன்தான் எடுத்தார்.

ரஞ்சனி வெளியே வந்து முகம் கழுவினார். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

அவனை அடித்தால்? வாயைத் திறக்கமாட்டான், வக்கீல்தான் திறப்பார். மிரட்டினால்? மிரட்டுவது அவனுடைய தொழில். எல்லா மிரட்டலும் அவனுக்குத் தெரியும்.

அந்தக் கார்டு ஞாபகம் வந்தது. மாநிலத் தலைவராம்... அகில இந்தியாவாம்... இப்படி ஒன்றை அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவனுக்கு என்ன வேண்டும்? பதிமூன்று வயதுக் குழந்தைகளிடம் வீரன் வேஷம் போடுகிறவனுக்குப் பெரியவர்கள் யாரும் இதுவரை கைதட்டியிருக்கமாட்டார்கள். அங்கேதான் அவனுக்குப் பசி.

சரி. விருந்து வைத்துவிடலாம்.

ரஞ்சனி ஓர் இளநீரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"சார், மன்னிச்சுக்கோணுமுங்க. உங்களைப் பத்தி விசாரிச்சேன். தெரியாம மரியாதைக் குறைவா நடந்துட்டோம்."

குணசீலன் வாயைப் பிளந்தார். 'சார்' என்ற சொல் அறைக்குள் மல்லிகை மாதிரி மணத்தது. மோகன்குமார் இளநீரை வாங்கிக்கொண்டான். சந்தேகமாகத்தான் உறிஞ்சினான். பிறகு நன்றாகவே உறிஞ்சினான்.

ரஞ்சனி புளுகு மூட்டையை அவிழ்த்துவிட்டார். உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் போலீஸ் என்ன செய்ய முடியும் என்றார். பெரிய அதிகாரிகள் கையால் பாராட்டு விழா வைக்கலாம் என்றார். அதற்கு முன்னால் நீங்கள் பேசுவதைச் சின்னதாக ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

மோகன்குமார் சீப்பு கேட்டான்.

கேமரா ஓட ஆரம்பித்தது.

"இதுவரைக்கும் எத்தனை குழந்தைங்களைக் காப்பாத்தியிருக்கீங்க சார்?"

"பதினொண்ணு மேடம்."

பதினொன்று!

ரஞ்சனி சிரிப்பை முகத்தில் ஆணியடித்து வைத்துக்கொண்டார்.

"அத்தனையும் நீங்க ஒருத்தரே பார்த்துக்கறீங்களா?"

"நான் மட்டும்தான். இந்தப் போனை என் சம்சாரம்கூடத் தொடமாட்டா. எல்லா ஆதாரமும் நானே சேகரிச்சு, நானே பத்திரமா வெச்சிருக்கேன்."

"அதுல ஒண்ணு காட்டுனீங்கன்னா நல்லா இருக்குமுங்க. சும்மா வாயில சொன்னா, பத்திரிகைக்காரங்க நம்பமாட்டாங்க பாருங்க. நீங்க வளைச்சுப் போட்ட பெரிய கிரிமினல் யாராச்சும்...?"

மோகன்குமார் தயங்கினான். அவன் மூளைக்குள் ஒரு தராசு ஆடியது. ஒரு தட்டில் ஒரு நண்பன். இன்னொரு தட்டில் சால்வை, மாலை, கேமரா... கூடவே இந்தக் கேஸிலிருந்து விடுதலை.

நண்பன் எடை குறைவாக இருந்தான்.

போனை எடுத்தான். விரலால் கோலம் போட்டான். கால்குலேட்டர் மாதிரி இருந்த ஒன்றைத் தொட்டு எண்களைத் தட்டினான். கால்குலேட்டர் கதவு மாதிரி திறந்துகொண்டது.

"இவன்தான் மேடம். பாலசுந்தரம். ஆத்தூர்ல பெரிய ஆளு. மகா அயோக்கியன். இன்னைக்கு சாயங்காலம்கூட ராசிபுரத்துப் பொண்ணு ஒண்ணைக் கார்ல ஏத்தப் போறான்."

"அடப்பாவமே. எங்கீங்க சார்?"

"கொண்டப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாப். ஏற்காடு ரோடு ஆரம்பிக்கற எடம். வெள்ளைக் கார்."

"குடுங்க, பார்க்கலாம்."

மிகுந்த பணிவோடு கை நீட்டினார். அவனும் கொடுத்தான். போன் ரஞ்சனி கையிலிருந்து குணசீலன் கைக்குப் போனது.

"லாக் ஆகாமப் பார்த்துக்குங்க. அந்தப் புள்ளையோட போட்டோவும் அட்ரஸும் அதுல இருக்கும். உடனே சேலத்துக்குச் சொல்லுங்க."

ஆணி கழன்றது. சிரிப்பு விழுந்தது.

"எந்திரி."

"மேடம்... பாராட்டு விழா...?"

"நடக்கும். கோர்ட்டுல. மேடையும் உண்டு, ஏறி நிக்கறதுக்குக் கூண்டு வெச்சிருப்பாங்க."

ஜீப் சேலம் சாலையில் பறந்தது. சங்ககிரியில் ஒரு சரக்கு லாரி குறுக்கே திரும்பி வழியை மறித்தது. குணசீலன் அவருக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் லாரிக்கு அர்ப்பணித்தார். சேலத்திலிருந்து ஒரு பெண் காவலர் சாதாரண உடையில் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. அவர் போய்ச் சேருவதற்குள் கார் வந்துவிட்டால்?

கொண்டப்பநாயக்கன்பட்டி. எதிரே மலை வெயிலில் நீலமாக நின்றது. பஸ் ஸ்டாப்பில் ஒரு சிறுமி, ஸ்கூல் பையை மார்போடு அணைத்தபடி. பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பெண் காவலர் வந்துவிட்டார்!

ஜீப்பை ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

வெள்ளைக் கார் வந்தது. வேகம் குறைந்தது. கண்ணாடி இறங்கியது. சிறுமியின் பெயரைச் சொல்லி ஒரு குரல் செல்லமாகக் கூப்பிட்டது.

காய்கறிப் பை கீழே விழுந்தது. கார்ச் சாவி பெண் காவலரின் கையில் இருந்தது.

சிறுமி ஓடவில்லை, கத்தவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கினாள். ரஞ்சனி அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"சாமி, நான் போலீசு. உன்னைப் புடிக்க வல்ல. உனக்காக வந்திருக்கேன்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சுருங்களா?"

"தெரியும். நான் பக்கத்துல இருந்து சொல்றேன். யாராச்சும் உன்னைத் திட்டினா, அவங்க எங்கிட்டப் பேசட்டும். நீ தப்புப் பண்ணல கண்ணு. அது மட்டும் ஞாபகம் வெச்சுக்க."

அப்போதுதான் அவள் அழுதாள். ரஞ்சனியின் சேலைத் தலைப்பு நனைந்தது. நனையட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.

காருக்குள்ளிருந்து பாலசுந்தரத்தை இறக்கினார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விபூதி. வெளியே இவ்வளவு வெள்ளை அடித்தவர்களை ரஞ்சனி எப்போதும் இரண்டு முறை பார்ப்பார்.

"மேடம், அவசரப்பட்டுடாதீங்க. இந்தக் கொழந்தையக் காப்பாத்தத்தான் நான் வந்தேன். மோகன்குமார்னு ஒரு படுபாவி இருக்கான். அவனைக் கையும் களவுமாப் புடிக்கத்தான் இத்தனை நாளா அவனோட பழகிட்டு இருக்கேன்."

சட்டைப்பைக்குள் கை விட்டார். அதே சிங்கம். அதே கேடயம். பாலசுந்தரம், பொதுச்செயலாளர்.

படையில் மொத்தமே இரண்டு பேர்தான் போலிருக்கிறது.

சூரியன் இறங்கும் நேரத்தில் இருவரும் நாமக்கல்லில் இருந்தார்கள். தனித்தனி அறை. நடுவில் ஒரு சுவர். மற்றவன் என்ன சொன்னான் என்பதை மட்டும் ரஞ்சனி இருவருக்கும் தெரியப்படுத்தினார். வேறொன்றும் செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை.

"நான் அயோக்கியனா? அவன் கடை சீலிங்குக்கு மேல ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கு, போய்ப் பாருங்க மேடம்," என்றார் பாலசுந்தரம்.

"ஹார்ட் டிஸ்க்கைச் சொன்னானா? அவன் தோட்டத்து ஊட்டுல, மோட்டார் ரூம்ல, ரெண்டு லேப்டாப் இருக்குதுங்க. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்," என்றான் மோகன்குமார்.

இவன் ஒரு பெயர் சொன்னால் அவர் ஒரு ஊர் சொன்னார். அவர் ஒரு கணக்கைக் காட்டிக்கொடுத்தால் இவன் இரண்டைக் காட்டிக்கொடுத்தான். குழந்தைகளைக் காப்பதில் இத்தனை ஆர்வமுள்ள இருவரை அந்த ஸ்டேஷன் பார்த்ததே இல்லை.

குணசீலனுக்கு ஒரு கவலை. போலீசிடம் சொன்னதெல்லாம் கோர்ட்டில் நிற்குமா?

"வாயில சொன்னது நிக்காட்டிப் போவுதுங்க. சொன்ன எடத்துல போய் எடுத்த ஹார்ட் டிஸ்க் நிக்கும்."

சூரமங்கலத்துக்கு ஒரு குழு போனது. ஆத்தூருக்கு ஒரு குழு போனது. இரண்டும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

ரஞ்சனி சண்முகப்பிரியாவுக்குப் போன் செய்தார். ஆள் உள்ளே இருப்பதைச் சொன்னார். படம் போலீஸ் வசம் வந்துவிட்டது, பள்ளி குரூப்பிலோ வேறெங்குமோ அவன் போட்டிருக்கவில்லை, இனி எங்காவது தலைகாட்டினால் உடனே நீக்க ஏற்பாடு செய்தாயிற்று என்று பொறுமையாகச் சொன்னார். சண்முகப்பிரியா அடுத்ததைக் கேட்டாள்.

"மத்தப் புள்ளைங்க, மேடம்?"

"ஒவ்வொரு ஊட்டுக்கும் நானே நேர்ல போறேனுங்க."

"நானும் வாரேனுங்க. போலீஸக் கண்டா அந்தத் தாய்மாருங்க பயப்படுவாங்க. என்னைக் கண்டா பயப்படமாட்டாங்க."

ரஞ்சனி சரி என்று சொல்லிப் போனை வைத்தார்.

குணசீலன் கம்ப்யூட்டர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஒரே குழப்பமா இருக்குதுங்க. இவன் அவனை அயோக்கியங்கறான். அவன் இவனை அயோக்கியங்கறான். யாரு சொல்றதுங்க நெசம்?"

ரஞ்சனி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல ரெண்டு தரப்பும் உண்மையையே பேசுன ஒரே கேஸ் இதுதானுங்க குணசீலன். ஒரு வார்த்தை விடாம அடிங்க!"